விரலுக்கும் காய்க்கும் வித்தியாசம்

செஸ் ஆடும் ரோபோ மனிதனை ஜெயித்துவிட்டால் அதற்கு அறிவு வந்துவிட்டது என்று அர்த்தமா? கேன்டீனில் ஒருநாள் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. "பி.காம். படிக்கிற உனக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்றான் நண்பன். இருக்கட்டும், என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

அவன் முதலில் எடுத்துவிட்டது 1997-ஐ. நியூயார்க்கில் ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவை 3½-2½ என்று தோற்கடித்தது. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசும் இயந்திரம் அது. பிரமிப்புதான். ஆனால் அது கணக்குப் போடும் வேகம். செஸ்ஸைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

அடுத்து 2016. சியோலில் ஆல்ஃபாகோ, 'கோ' ஆட்டத்தில் லீ செடோலை 4-1 என்று ஜெயித்தது. இது வெறும் வேகம் இல்லை, தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காகப் பலகையில் கல்லை எடுத்து வைத்தவர், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்!

சரி, கையும் இருந்தால்? 2022 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த செஸ் போட்டியில் கை உள்ள ரோபோ ஒன்று ஆடியது. ஏழு வயதுச் சிறுவன் கொஞ்சம் அவசரப்பட்டுக் காயை நகர்த்தக் கையை நீட்டினான். ரோபோ அவன் விரலைப் பிடித்து நசுக்கியதில் எலும்பு முறிந்தது. அதனிடம் கோபமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. காய் இருக்கவேண்டிய கட்டத்தில் விரல் வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

எங்கள் பாடத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. இயந்திரம் வாங்கிய பணத்தைத் தவறாகக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும். டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். சாம்பியனை ஜெயிப்பதும் அப்படித்தான். 64 கட்டங்களுக்குள், மாறாத விதிகளுக்குள் டேலி ஆகியிருக்கிறது. கட்டத்துக்கு வெளியே?

திறமை வேறு, அறிவு வேறு. ஆடும் ரோபோக்களிடம் இருப்பது முதலாவது. இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று எடைபோடும் வேலையைக்கூட இன்று மென்பொருளிடம் விடுகிறோம். ஆட்டத்தில் ஜெயித்த பெருமையைப் பார்த்து அந்த நம்பிக்கையை வைத்தால், அடுத்து நசுங்கப்போவது யார் விரல்?

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?