4-0 என்றால் 4-0 தான்

‘லகான்’ படத்தின் கடைசிப் பந்து பலருக்கும் மனப்பாடம். புவன் தூக்கி அடிக்கிறான். கேப்டன் ரஸல் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால், கால் எல்லைக்கோட்டுக்கு வெளியே. சிக்ஸர், வெற்றி, வரி ரத்து! கதை நடப்பது 1893-ல். அன்றைய விதிப்படி பந்து கோட்டைத் தாண்டினால் மட்டும் ஆறு ரன் கிடைத்துவிடாது. மைதானத்தை விட்டே வெளியே போயாக வேண்டும். கோட்டைத் தாண்டினாலே ஆறு என்பது 1910-ல் வந்த வழக்கம். படத்தில் ஓவருக்கு ஆறு பந்து வேறு வீசுகிறார்கள். இங்கிலாந்தில் 1889 முதல் 1899 வரை ஓவருக்கு ஐந்தே பந்துதான்.

இதற்காக இயக்குநர் அசுதோஷ் கோவாரிகரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. புவனும் கற்பனை, ரஸலும் கற்பனை. நடக்காத மேட்சில் யாருடைய ரன்னும் களவு போகவில்லை. ‘பாக் மில்கா பாக்’ படத்தில் 1950-களின் ராணுவ முகாமில் மில்கா சிங் ஒரு பாட்டுப் பாடுவார். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘சன் ஆஃப் இந்தியா’ வெளிவந்ததே 1962-ல்தான். ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படத்தில் பேஸ்பால் வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனாக வரும் ரே லியோட்டா வலது கையால் அடித்து, இடது கையால் எறிவார். நிஜ ஜாக்சன் இதற்கு நேர் எதிர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் ரசிகர்களுக்கு இவை நல்ல தீனி. அவ்வளவோடு விட்டுவிடலாம்.

விட முடியாத பிழைகள் வேறு ரகம். 1948 லண்டன் ஒலிம்பிக் ஹாக்கியை வைத்து 2018-ல் வந்த ‘கோல்ட்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். வீரர்களின் பெயர்களை மாற்றியவர்கள் ஊரையும் ஆண்டையும் எதிரணியையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். படத்தின் இறுதிப் போட்டியில் இந்தியா பின்தங்கித் திணறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெயிக்கிறது. வெம்பிளியில் 1948 ஆகஸ்ட் 12 அன்று நடந்ததோ வேறு. இந்தியா 4, பிரிட்டன் 0. பல்பீர் சிங் மட்டும் இரண்டு கோல். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியா தங்கம் வென்றபோது பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. நாடு விடுதலையாகி ஓராண்டு நிறைய மூன்று நாள் இருக்கும்போது, ஆண்டவர்களின் ஊரில், அவர்கள் கண்முன்னே, ஒரு கோல்கூட விடாமல் கொடுத்த அடி அது. இதைவிட விறுவிறுப்பு வேண்டுமென்று எந்தக் கதாசிரியருக்குத் தோன்றியதோ!

ஹாலிவுட்டும் இதே வேலையைச் செய்திருக்கிறது. ‘ரிமெம்பர் தி டைட்டன்ஸ்’ படத்தில் பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணி மாநில இறுதிப் போட்டியைக் கடைசி நொடியில்தான் தட்டிப் பறிக்கும். 1971-ல் அந்த அணி இறுதியில் வென்றது 27-0 என்ற கணக்கில். எதிரிகளைத் துவைத்து எடுத்த அணியைத் தட்டுத்தடுமாறி ஜெயித்ததாகக் காட்டுவதற்குப் பெயர் மரியாதை அல்ல.

வேறு எந்தச் சரித்திரத்துக்கும் இல்லாத வசதி விளையாட்டுக்கு உண்டு. எந்த நாள், எந்த மைதானம், யார் எத்தனை கோல் என்பது மறுநாள் பத்திரிகையிலேயே அச்சாகிவிடும். கால்சட்டையின் நீளத்தைக்கூட ஆராய்ந்து தைப்பவர்களுக்கு ஸ்கோர் கிடைக்காமல் போயிருக்காது. ஆகவே இது தெரியாமல் நேர்ந்த பிழையே இல்லை, தெரிந்தே செய்த திருத்தம்.

ஆஸ்கர் வாங்கிய ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படமும் திருத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்த எரிக் லிடெல், 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வருவதைக் கப்பல் ஏறும்போதுதான் அறிவதாகக் காட்டினார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். கைக்கு எட்டிய பந்தயத்தை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். கப்பல் படிக்கட்டுத் தவிப்பைவிட அந்த நீண்ட பிடிவாதம்தான் பெரிய கதை.

ஸ்கோராவது போகட்டும், ஆளையே மாற்றினால்? ‘சிண்டெரெல்லா மேன்’ (2005) படத்தில் குத்துச்சண்டை வீரர் மேக்ஸ் பேர், தன் குத்தில் ஆட்கள் செத்ததைப் பெருமையாகப் பேசித் திரியும் அரக்கன். 1930-ல் அவரோடு மோதிய ஃபிராங்கி கேம்ப்பெல் இறந்தது உண்மை. அதற்குப் பிறகு பேர் நிலைகுலைந்து போனதும், பின்னாளில் சண்டைகளில் சம்பாதித்ததிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்ததும் அதே அளவுக்கு உண்மை. 1933-ல் தாவீதின் நட்சத்திரத்தைக் கால்சட்டையில் பொறித்துக்கொண்டு ஜெர்மனியின் ஷ்மெலிங்கை வீழ்த்தியவரும் அவர்தான். படத்தின் நாயகன் பிராடக் நல்லவராகத் தெரிய எதிரே ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். செத்துப்போனவர் மறுப்பு அறிக்கை விடமாட்டார். நடிகரான அவருடைய மகன்தான் கொதித்துப் பேசினார்.

நம்மூர் ‘சார்பட்டா பரம்பரை’ இந்த விஷயத்தில் நேர்மையான வழியில் போனது. கபிலன், வேம்புலி, ரங்கன் வாத்தியார் எல்லோரும் கற்பனைப் பாத்திரங்கள். 1976-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது மட்டும் நிஜம். குத்துச்சண்டைக்கு எம்.ஜி.ஆர். செய்ததை மறைத்துவிட்டார்கள் என்று அதிமுகவின் ஜெயக்குமார் கோபப்பட்டார். அது அரசியல் சண்டை. நிஜ வீரர் எவருடைய வெற்றியையும் படம் தொடவில்லை.

‘தி ஹரிக்கேன்’ படம், 1964-ல் குத்துச்சண்டையில் ரூபின் கார்ட்டரை ஜோயி ஜியார்டெல்லோ வென்றது நடுவர்களின் நிறவெறியால்தான் என்பதுபோலக் காட்டியது. ஜியார்டெல்லோ உயிரோடு இருந்ததால் வழக்குப் போட்டார். சமரசத்தில், அவர் சிறந்த வீரர்தான் என்று இயக்குநர் நார்மன் ஜூவிசன் டிவிடியில் சொல்ல வேண்டியதாயிற்று. தியேட்டரில் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

இத்தகைய படங்களின் முடிவில் நிஜ வீரர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஓடவிட்டு ரசிகர்களைக் கலங்கவைப்பது வழக்கமாகிவிட்டது. அங்கேயே நிஜ ஸ்கோரையும், எதை மாற்றினோம் என்பதையும் இரண்டு வரி போடலாம். விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்புக்கு இடமிருக்கும் திரையில் இதற்கும் இடமிருக்கும்.