கப்பலில் ஓய்வும் உழைப்பும்

உல்லாசக் கப்பற்பயணம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன நீச்சற்குளமும், நாடக அரங்கும், விருந்து மண்டபமுமே. அவற்றை நடத்துவோர் எளிதில் தோன்றார். ஒருவர்தம் பொழுதுபோக்கு மற்றொருவர்தம் உழைப்பால் அமைவதாயின், உழைப்போர்க்கும் ஓய்வு உண்டா என வினவுதல் கற்றோர் கடனன்றோ?

இவ்வகைப் பயணம் புதியதன்று. பி. அண்டு ஓ. கம்பெனியார் 1844-ஆம் ஆண்டிலேயே மத்தியதரைக் கடலில் இன்பச் செலவுக்குச் சீட்டு விற்றனர். குளிர்காலத்தில் அட்லாண்டிக் மாகடலைக் கடப்போர் குறைந்தமையின், பெருங்கப்பல் சும்மா கிடத்தலாகாதெனக் கருதி, ஹாம்பர்க்-அமெரிக்கக் கம்பெனியைச் சார்ந்த ஆல்பர்ட் பாலின் என்பார் 1891-இல் 'அகஸ்டா விக்டோரியா' என்னும் கப்பலை அக்கடலுக்கே உல்லாசப் பயணமாகச் செலுத்தினார். கப்பலுக்கு ஓய்வு கூடாதென்னும் எண்ணம், மாந்தர்க்கு ஓய்வளிக்கும் தொழிலை வளர்த்தமை விந்தையே.

அக்காலத்துப் பயணிகள் பொழுதுபோக்கைப் பெரும்பாலும் தாமே ஆக்கிக்கொண்டனர். மேற்றளத்தில் கயிற்று வளையம் எறிந்தனர். நீண்ட கோலால் வட்டத் தட்டுகளைத் தள்ளி, எண்ணிட்ட கட்டங்களிற் சேர்த்து ஆடினர். ஒரு நாளில் கப்பல் எத்துணை மைல் ஓடியதென்று ஊகித்துப் பந்தயமிட்டனர். மாலையில் தாமே பாடிக் கச்சேரி நடத்தினர். இவற்றால் எவர்க்கும் பெருந்தொல்லை இல்லை. எனினும் அதனைப் பொற்காலமென்று புகழ யாம் துணியோம்; மேலே ஆட்டம் நிகழ்கையில், கீழே உலைக்களத்தில் கரி வாரியிட்டோர் வெம்மையால் வாடினர்.

1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் மாகடலின்மேற் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியபின், ஊர் சேர்தற்பொருட்டுக் கப்பலேறுவோர் அருகினர், கப்பலே சேருமிடமாயிற்று. 2024 ஜனவரியில் மியாமியினின்று முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பல் 20 தளங்களும் 7 நீச்சற்குளங்களும் உடையது. ஏறக்குறைய 7,600 பயணிகளைக் கொள்ள வல்லது. அதன் பணியாளர் 2,350 பேர். அதாவது, மூவர் மகிழ ஒருவர் உழைக்கிறார். சமைத்தல், துடைத்தல், பரிமாறுதல், ஆடிப் பாடி மகிழ்வித்தல் யாவும் விலைக்குக் கிடைக்கின்றன.

இப்பணியாளரையும் காக்கும் சட்டம் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தார் 2006-இல் வகுத்து, 2013-இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கையே அது. கப்பலிற் பணிபுரிவோர்க்கும் பொழுதுபோக்கு வசதி வேண்டுமென அது விதித்திருப்பது போற்றற்குரியது. ஆயின் வேலைநேரத்தைப் பொறுத்தவரை, அரசுகள் இருவிதிகளுள் ஒன்றைக் கொள்ள இடந்தருகிறது. ஏழு நாளில் 72 மணிக்கு மேல் வேலை கூடாதென்பது ஒன்று. ஏழு நாளில் 77 மணிக்குக் குறையாமல் ஓய்வு வேண்டுமென்பது மற்றொன்று. பின்னதைக் கணக்கிட்டுப் பார்மின்: வாரத்திற்கு 91 மணி வேலை, நாளொன்றுக்கு 13 மணி! ஓய்வின் பெயரால் அமைந்த விதியே மிகுந்த உழைப்புக்கு வாயிலாகின்றது.

"அவர்கள் விரும்பியன்றோ செல்கின்றனர்? ஊதியத்தால் அவர்தம் குடும்பங்கள் வாழவில்லையா?" எனச் சிலர் வினவுவர். வாழ்கின்றன, நம் நாட்டு இளைஞர் பலரும் இத்தொழிலால் வீட்டைத் தாங்குகின்றனர். ஆயினும் கூலி பசியைத் தீர்க்குமேயன்றிக் களைப்பைத் தீர்க்காது. களைப்பைத் தீர்ப்பது உறக்கமே.

ஆதலின் 72 மணி என்னும் வரம்பையே எல்லா அரசுகளும் ஏற்றல் வேண்டுமென்பது எம் துணிபு. அதனாற் சீட்டின் விலை சிறிது உயரினும், அது நியாயமான விலையே. பயணிகளும் நள்ளிரவில் ஏவல் கொள்ளாது, தாமே ஆக்கிக்கொள்ளும் விளையாட்டுகளையும், காசின்றிக் காணும் கடற்காட்சியையும் நாடுவாராக. பிறர் உறக்கத்தைக் கெடுக்காத ஓய்வே நல்லோய்வு.