ஆர்.சி-யில் ஒரே '2024'... ஆனா உள்ளே இரண்டு வேற டிசையர்! பழைய கார் வாங்குறவங்க எதைப் பார்க்கணும்?

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டுக் கார் கைமாற விளம்பரமெல்லாம் தேவையில்லை. ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்றவர், டிரான்ஸ்ஃபரில் கிளம்புறவர், ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது சொல்ற ஒரு வார்த்தை போதும். "2024 மாடல் டிசையர் சார், சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ்." கேட்கிறவரும் வருஷத்தை மட்டும் மனசில் குறிச்சுக்கிட்டு விலை பேச ஆரம்பிச்சிடுவார்.

சிக்கலே அந்த வருஷத்தில்தான் இருக்கு. 2024 நவம்பர் 11-ம் தேதிதான் மாருதி சுசுகி நான்காம் தலைமுறை டிசையரை அறிமுகம் செய்தது. அதுவரை விற்றது 2017-ல் வந்த மூன்றாம் தலைமுறை. அதாவது, 'டிசையர் 2024' என்று ஆர்.சி-யில் இருந்தால் அது பழைய காராகவும் இருக்கலாம், புதுக் காராகவும் இருக்கலாம். பெயர் ஒன்று, நீளம்கூட அதே 3,995 மி.மீ. ஆனால் கார் வேற.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முகப்பைப் பார்த்தாலே தெரியும் என்பீர்கள். நேரில் பார்த்தால் தெரியும், வாட்ஸ்அப்பில் ஆர்.சி போட்டோ மட்டும் வந்தால்? இரண்டுமே 1,197 சிசி பெட்ரோல் என்பதால் சிசி-யை வைத்துச் சொல்ல முடியாது. சிலிண்டர் எண்ணிக்கையைப் பாருங்க. பழைய டிசையரில் இருந்தது 4 சிலிண்டர் இன்ஜின், புதுசில் 3 சிலிண்டர். தயாரிப்பு மாதமும் அதே ஆர்.சி-யில் இருக்கும்.

'ஒரு சிலிண்டரைக் குறைச்சுட்டு புதுசுன்னு விக்கிறாங்களா?' என்று கேட்டால், ஒரு வகையில் ஆமாம். பவர் சுமார் 90 பிஎஸ்-ல் இருந்து 82-க்கு இறங்கியது. பழைய இன்ஜினின் அந்த மென்மையான ஓட்டம் பிடிச்சவங்க இன்னும் அதைத்தான் தேடுறாங்க. அதில் தப்பில்லை. பதிலுக்குக் கிடைத்தது மைலேஜ். மேனுவல் பெட்ரோலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு லிட்டருக்கு 22.41 கி.மீ-யில் இருந்து 24.79 கி.மீ. ஆனது.

இந்த மைலேஜை வைத்துத்தான் பலரும் 'புதுசே எடுத்துடலாம்' என்று முடிவு பண்றாங்க. ஒரு சின்னக் கணக்கு போடலாம். வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓடினால் பழைய காருக்கு சுமார் 446 லிட்டர், புதுசுக்கு சுமார் 403 லிட்டர். மிச்சம் 43 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 4,300 ரூபாய்தான். இரண்டு காருக்கும் விலை வித்தியாசம் ஒரு லட்சம் என்றால், பெட்ரோலில் அதை எடுக்க 23 வருஷம் ஆகும். வட்டத்துக்குள்ளேயே பள்ளி, பஜார், ஆஸ்பத்திரி என்று ஓட்டுறவங்களுக்கு இன்னும் அதிகம். மைலேஜுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கூடுதல் பணம் எதுக்குக் கொடுக்கலாம்?

பாதுகாப்புக்கு. இங்கேதான் இரண்டு காருக்கும் நடுவில் பெரிய இடைவெளி. பழைய டிசையரில் 2 ஏர்பேக்தான். புதுசில் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக், பின்சீட் நடுவில் உட்காருபவருக்கும் சேர்த்து மூன்று முனை சீட் பெல்ட். குளோபல் என்கேப் சோதனையில் புது டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்பில் 4 ஸ்டார் வாங்கியது. பழைய டிசையரோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட முந்தைய ஸ்விஃப்ட், 2022-ல் அதே அமைப்பின் சோதனையில் வாங்கியது 1 ஸ்டார். அதன் பாடி 'நிலையற்றது' என்றே மதிப்பிடப்பட்டது.

ஆர்ச் கேட் தாண்டி பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியா அடிக்கடி சென்னை போகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. இன்னொன்று, குழந்தைகளுக்கான அந்த 4 ஸ்டார், சைல்டு சீட் பொருத்திச் சோதித்து வந்தது. முன்சீட்டில் மடியில் உட்கார வைக்கிற குழந்தைக்கு அந்த ஸ்டார் கிடையாது.

அதற்காக ஏர்பேக் எண்ணிக்கையையே எல்லாமாக எடுத்துக்கவும் கூடாது. வேகன் ஆர்-ஐ எடுத்துக்கங்க. 2024 கார்களில் 2 ஏர்பேக், 2025-ல் எல்லா வேரியன்ட்டிலும் 6 வந்துவிட்டது. 2 ஏர்பேக் வேகன் ஆர் 2023 குளோபல் என்கேப் சோதனையில் வாங்கியது 1 ஸ்டார், குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்யம். ஏர்பேக் கூடினால் தலை, மார்புக்குப் பக்கவாட்டுப் பாதுகாப்பு கூடும். பாடியின் இரும்பு மாறாது. பலேனோவை பாரத் என்கேப் சோதித்தபோது 2 ஏர்பேக், 6 ஏர்பேக் இரண்டு வகையும் ஒரே 4 ஸ்டார்தான் வாங்கின. மதிப்பெண்ணில்தான் வித்தியாசம் தெரிந்தது.

விலை பேசும்போது ஜிஎஸ்டி-யை மறக்காதீங்க

2025 செப்டம்பர் 22 வரை சிறிய பெட்ரோல் காருக்கு 28% ஜிஎஸ்டி, அதுக்கு மேல 1% செஸ். அன்றிலிருந்து மொத்தமே 18%தான். டிசையர் விலை வேரியன்ட்டைப் பொறுத்து 87,700 ரூபாய் வரை குறைந்தது. அப்போது ஆரம்ப விலை சுமார் 6.26 லட்சம் ஆனது, எக்ஸ்-ஷோரூம். விற்கிறவர் தன் பழைய பில்லைக் காட்டி "நான் இவ்வளவு கொடுத்தேன்" என்பார். அவர் சொல்றது உண்மைதான், பாவம். ஆனால் நீங்க ஒப்பிட வேண்டியது அவருடைய பில்லை அல்ல, இன்றைய ஷோரூம் விலையை.

இன்சூரன்ஸ் கணக்கும் அப்படித்தான். காரின் ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு, பட்டியல் விலையில் இருந்து வயதுக்கேற்ப கழித்து வருவது. 6 மாதம் வரை 5%, ஒரு வருஷம் வரை 15%, இரண்டு வருஷம் வரை 20%, மூன்று வருஷம் வரை 30%. பேரம் பேச இந்த அட்டவணை நல்ல தொடக்கப் புள்ளி. கிலோமீட்டர், டயர், டென்ட் எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஜனவரியில் ஷோரூமில் 'போன வருஷ ஸ்டாக்' என்று தள்ளுபடி தருவார்களே, அது? டிசம்பரில் தயாரான கார் ஒரு மாதம் பழசுதான். ஆனால் ஆர்.சி-யில் தயாரிப்பு வருஷம் பின்தங்கியே இருக்கும், நாளைக்கு நீங்க விற்கும்போது வாங்குறவர் அதைத்தான் முதலில் கேட்பார். எட்டு, பத்து வருஷம் வைத்து ஓட்டப் போறீங்கன்னா தள்ளுபடியை தாராளமா வாங்கலாம். மூன்று வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வரும்னு தெரிஞ்சவங்க, தள்ளுபடி கையில் தெரியுற அளவுக்கு இல்லைன்னா புது வருஷத் தயாரிப்பையே கேளுங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் காரின் தயாரிப்பு மாதம், வருஷத்தை எழுத்தில் வாங்கிடுங்க.