நாங்கள் தள்ளிவிட்ட வகுப்பு

புதிதாக வரும் ஆசிரியருக்கு எந்த வகுப்பைக் கொடுப்பது என்று எங்கள் பள்ளியில் யாரும் பேசியதே இல்லை. ஜூன் மாதம் கால அட்டவணை போட உட்காரும்போதே அது முடிவாகியிருக்கும். எட்டாம் வகுப்பு சி பிரிவு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள், நாலு நாள் வந்து நாலு நாள் வராத பிள்ளைகள், எல்லோரும் அந்த வகுப்பில்தான். பணிமூப்பைச் சொல்லி நாங்கள் ஆளுக்கொரு நல்ல வகுப்பை எடுத்துக்கொள்வோம். வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியராக 26 ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தக் கூட்டங்களில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஜூனில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை வந்தார். தகுதித் தேர்வு எழுதித் தேறி, நியமன ஆணையைக் கையில் வாங்கிய மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சிக்கென்று இருப்பது 20 வாரம். எங்கள் தெருக்களைப் பற்றி அந்த 20 வாரத்தில் அவருக்கு யார் சொல்லித்தந்திருக்க முடியும்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். சி பிரிவு வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, அறை மாடியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னோம்.

எங்களுக்கு எவ்வளவோ தெரியும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை முடிந்து காசிமேட்டிலிருந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியதும், வகுப்பில் சில பையன்கள் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் பெட்டி தள்ளிவிட்டு நேரே பள்ளிக்கு வந்திருப்பார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. தூங்கிய ஒரு பையனுக்குத் திமிர் என்று நினைத்து அவனை வெளியே நிறுத்தினார். மறுநாளும் நிறுத்தினார். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் அவரிடம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த மாநகராட்சிக்கு ஒரு பெருமை உண்டு. 1920இல், தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளை எந்த நிலையில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிய மரபு அது. அதை ஆண்டு விழா மேடையில் நானே பேசியிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கியதும் மறந்திருக்கிறேன்.

சி பிரிவில் சத்தம் கூடியது. "கிளாஸ் கன்ட்ரோல் இல்ல" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். ஒருநாள் நான் போய் வாசலில் நின்று ஓர் அதட்டல் போட்டேன். வகுப்பு அடங்கியது. உதவி செய்த திருப்தியோடு திரும்பினேன். இந்த டீச்சர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, பக்கத்து வகுப்பு சார் வந்தால் மட்டும் அடங்கினால் போதும் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்காதது போல் நடந்தேன்.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சங்கக் கூட்டங்களில் அதை எடுத்துப் பேசியவர்கள் நாங்கள். அதே நாங்கள்தான், "நீங்க சின்னவங்க, போன்ல வேகமா போட்டுடுவீங்க" என்று சொல்லி நாங்கள் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் போட வேண்டிய பதிவுகளையும் அவரிடம் தள்ளினோம். அடுத்த நாள் பாடத்துக்கு அவர் தயாராக வேண்டிய மாலை நேரம் அப்படித்தான் போனது.

மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டம் கிடைத்ததும் அவர் போய்விட்டார். சால்வை போர்த்தி அனுப்பினோம். மாடிப்படியில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "அடுத்து வர்ற மிஸ்ஸும் போயிடுவாங்களா சார்?" இதற்கு முன் வந்தவர்களும் ஏன் தங்கவில்லை என்று அன்றுதான் முதன்முறையாக யோசித்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் சி பிரிவை நானே கேட்டு வாங்கினேன். புதிதாக வந்த ஆசிரியரின் வகுப்பில், அவர் சம்மதத்தோடு, கடைசி பெஞ்சில் வாரம் ஒருநாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தாயுடன் அவரைத் தெருத் தெருவாக அழைத்துப்போனேன். எந்த வீட்டுப் பிள்ளை எதற்காகத் தாமதமாக வருகிறது என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். இதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. 23 ஆண்டுகளாக நான் இதைச் செய்யாததற்கும் எந்த அரசாணையும் காரணமில்லை.

இன்னும் பணியில் இருக்கும் தோழர்களே, வரும் ஜூனில் கால அட்டவணை போட உட்காரும்போது, அந்தக் கடைசி வகுப்பை உங்களில் ஒருவர் கேட்டு வாங்குங்கள். புதிதாக வருபவரிடம் பதிவேட்டைக் கொடுக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.