அடையாள அணிவகுப்புக்கு முன்பே படம் வெளியிடுவது முறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வழிப்பறி, கொள்ளை வழக்குகளில் கைதானவர்களைச் சாட்சிகள் அடையாளம் காட்டுவதற்கு முன்பே, காவல்துறை அவர்களின் முகப்படங்களை ஊடகங்களுக்குத் தருவதும், அவை அன்றே நாளிதழிலும் கைப்பேசியிலும் பரவுவதும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் வழக்கமாகிவிட்டது. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

அடையாள அணிவகுப்பு என்பது, சந்தேக நபரை அவரையொத்த தோற்றமுடைய, வழக்கோடு தொடர்பற்ற பலருடன் நிறுத்தி, நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சியை இனங்காட்டச் செய்யும் முறையாகும். படத்தை முன்பே பார்த்துவிட்ட சாட்சி, வயல்வெளிச் சாலையின் இருட்டில் சில நொடிகள் கண்ட முகத்தைச் சுட்டுகிறாரா, நாளிதழில் கண்ட முகத்தைச் சுட்டுகிறாரா என்பதை நடுவரால் பிரித்தறிய இயலாது. சாட்சியாலும் இயலாது, அவர் பொய் சொல்லவில்லை, பின்னர் பார்த்தது முன்னைய நினைவோடு கலந்துவிட்டதால் உளமார நம்பியே கைகாட்டுகிறார்.

தவறான அடையாளங்காட்டலின் விளைவு எத்துணைக் கொடியது என்பதை மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கு காட்டுகிறது. உயிர் தப்பிய பெண், காவல்துறையின் படத்தொகுப்பிலிருந்து வேறு நால்வரை முதலில் அடையாளம் காட்டியிருந்தும், அவர்களை விட்டுவிட்டு நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அறுவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2009இல் அறுவருக்கும் தூக்குத் தண்டனை விதித்த அதே உச்ச நீதிமன்றம், 2019இல் அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்து, ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. சிறையில் கழிந்த ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு அது எவ்வகையிலும் ஈடாகாது.

கண்கண்ட சாட்சியம் அனைத்துமே ஐயத்துக்குரியது என்பதன்று இங்கு வாதம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், கூலித் தொழிலாளர்கள் தம் வட்டாரத்து மிராசுதாரர்களையே அடையாளம் சொன்னார்கள். நாள்தோறும் பழகிய முகத்தைச் சொல்வதும் அந்நியர் முகத்தை நினைவிலிருந்து தேடியெடுப்பதும் ஒன்றல்ல. எனினும் கீழமை நீதிமன்றம் விதித்த தண்டனையை 1973இல் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், காரும் நிலபுலமும் உடைய செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் எனக் கருதியது. மிராசுதாரர்களுக்குக் கிடைத்த ஐயத்தின் பலன் அந்த ஆறு நாடோடிகளுக்குக் கிடைக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின என்பது நீதித்துறைக்குப் பெருமை சேர்ப்பதன்று.

தவறான வழக்குகளால் வதைபட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கச் சட்டம் வேண்டுமென்று சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் 2018இலேயே பரிந்துரைத்துவிட்டது. அச்சட்டம் வருவதற்கு முன்னதாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு: அணிவகுப்பு முடியும்வரை கைதானவரின் முகத்தை எவரும் காணாதவாறு மறைக்க வேண்டும், படம் எதையும் வெளியிடக் கூடாது எனக் காவல்துறைத் தலைமை இயக்குநர் எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். காவல்துறையே தந்தாலும் அத்தகைய படங்களை அச்சிட மறுக்குமாறு இவ்விதழின் ஆசிரியர் குழுவையும் கேட்டுக்கொள்வது வாசகர்களின் கடமையாகிறது.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.