தரகர் மட்டும் தோற்பதில்லை

தேர்தல் வியூக வகுப்பாளர் என்று ஒரு புதுச் சாதி முளைத்திருக்கிறது. இவர் கொடி பிடித்ததில்லை, போஸ்டர் ஒட்டியதில்லை, போலீசிடம் அடி வாங்கியதில்லை. ஆனால் வேட்பாளர் யார், எந்தத் தெருவில் எதைப் பேசணும், எதைப் பேசக்கூடாது என்பதில் இவர் சொல் எடுபடுகிறது. ஆலோசகர் என்பது கௌரவப் பெயர். பழைய பெயர் தரகர்.

பிரசாந்த் கிஷோரின் தொழில் வரலாற்றைப் பாருங்கள். ஐ.நா. சார்ந்த பொதுச் சுகாதார வேலையில் இருந்தவர். 2012இல் குஜராத்தில் மோடிக்கு, 2014இல் மீண்டும் மோடிக்கு வேலை. 2015இல் அதே மோடியை எதிர்த்து பீகாரில் நிதிஷ், லாலுவுக்கு. 2017இல் பஞ்சாபிலும் உத்தரப்பிரதேசத்திலும் காங்கிரசுக்கு. 2019இல் ஜெகன், 2020இல் கெஜ்ரிவால், 2021இல் மம்தா, ஸ்டாலின். இந்துத்துவமும் சோசலிசமும் திராவிடமும் ஒரே கடையில் அடுத்தடுத்த தட்டில் இருக்கும் சரக்கு. உ.பி.யில் காங்கிரசுக்குக் கிடைத்தது 7 இடம். தோற்றது காங்கிரஸ், தரகருக்கு அடுத்த ஒப்பந்தம் வந்தது. சுனில் கனுகோலு என்பவர் 2016 தேர்தலுக்காக திமுகவின் 'நமக்கு நாமே' பயணத்தில் வேலை செய்தார். 2021இல் அதிமுகவுக்கு வேலை செய்தார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. கொள்கை இருந்தால்தானே துரோகம்!

இதில் நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். 2012 நவம்பர் 7இல் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது. பக்கத்துக் காலனிகளும் சேர்த்து 250க்கும் மேற்பட்ட வீடுகள். நாலே வருஷத்தில், 2016 தேர்தலில், 'மாற்றம் முன்னேற்றம்' என்று பாமக சுவரெங்கும் சிரித்தது. அந்தத் தேர்தலில் அது ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. சந்தோஷப்படாதீர்கள். எரிந்த வீட்டை விளம்பரத்தால் மூடலாம் என்ற வித்தை அரங்கேறிவிட்டது. நாளைக்கு வேறொருவர் அதே வித்தையில் ஜெயிக்கலாம்.

இவர்கள் பூத் பூத்தாகச் சாதிக் கணக்கு எடுக்கிறார்கள். சேரி ஒரு கட்டம். அதில் 'உறுதியான வாக்கு' என்று எழுதிவிட்டால் நம் கதை முடிந்தது. உறுதியான வாக்குக்கு எதுவும் தர வேண்டியதில்லை. ஊசலாடும் வாக்குக்குத்தான் சலுகை. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது புதிதில்லை. தவணையை ஒழுங்காகக் கட்டும் ஏழையை யாரும் தேடிப் போவதில்லை. கோடிக்கணக்கில் கட்டாதவன் வந்தால் நாற்காலி, காப்பி.

2021 ஜனவரியில் 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' என்று மனு வாங்கினார்கள். ஆட்சிக்கு வந்து 100 நாளில் தீர்வு என்றார்கள். ரோடு, பட்டா, பென்ஷன் மனுவில் அடங்கும். சாதி அடங்குமா? 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளியே தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றம் சாட்டியது அந்தத் தண்ணீரைக் குடித்த தலித் பக்கத்து இளைஞர்கள் மூன்று பேரை. இதற்கு எந்தப் பெட்டியில் மனுப் போடுவது?

இங்கே நெய்வேலிக்கு வாருங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் மீது என்எல்சி பொக்லைனை இறக்கியது. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு எவ்வளவு என்று எல்லாக் கட்சியும் பேசிச்சு. பேச வேண்டியதுதான். அந்த வயலில் நாத்து நட்டவளுக்கு? பட்டா இல்லாதவளுக்கு என்ன இழப்பீடு? சர்வே தாளில் அவளுக்குக் கட்டமே இல்லை.

இந்த வியாபாரத்துக்கு வேர் 1932 பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. இடம் நமக்கு, வாக்கு ஊருக்கு. ஊருக்குப் பிடித்த தலித்துதான் ஜெயிக்க முடியும் என்ற ஏற்பாடு அது. இன்று தரகர் 'வெற்றி வாய்ப்புள்ள வேட்பாளர்' என்கிறார். அர்த்தம் அதேதான்: கோபப்படாத தலித்து.

நம் வாசலுக்கும் இது வந்தாச்சு. தேர்தல் ஆலோசனை நிறுவனம் நடத்திய ஆதவ் அர்ஜுனா விடுதலைச் சிறுத்தைகளில் சேர்ந்த வேகத்தில் துணைப் பொதுச்செயலாளர் ஆனார். 2024 டிசம்பரில் இடைநீக்கம். 2025 ஜனவரியில் விஜய் கட்சியில் பொறுப்பு. அவரைத் திட்டி என்ன பயன்? வந்ததும் நாற்காலி கொடுத்தது யார்? வழக்கு வாங்கி, வேலை இழந்து, கிளைச் செயலாளராகவே நரைத்துப்போன அண்ணன்களுக்கு என்ன பதில்?

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்சிராமை விடப் பெரிய கணக்காளர் யார்? 1978இல் பாம்செப், 1981இல் டிஎஸ்4, 1984இல் பகுஜன் சமாஜ். அரசு ஊழியர்களின் சம்பளக் காசில், சைக்கிள் மிதித்து, மக்களைச் சந்தித்து எண்ணியவர். அவர் எண்ணியது ஒடுக்கப்பட்டவர் தன் பலத்தைத் தானே அறிய. இவர்கள் எண்ணுவது அதை இன்னொருவருக்கு விற்க. 2022இல் தொடங்கி பீகாரில் ஊர் ஊராக நடந்த பிரசாந்த் கிஷோரின் சொந்தக் கட்சி 2025 தேர்தலில் ஓர் இடமும் ஜெயிக்கவில்லை. இரவல் இயக்கம் இல்லாதபோது வியூகம் வெறும் தாள்.

மாணவத் தோழர்களே, கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியும். உங்கள் சேரியின் கணக்கை நீங்களே எடுங்கள். சுடுகாட்டுப் பாதை இருக்கா, தண்ணீர்த் தொட்டி யார் கையில், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலி, வன்கொடுமை வழக்கு எத்தனை நிலுவை என்று எழுதுங்கள். வாக்கு கேட்டு எவர் வந்தாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். பதில் சொல்லாதவருக்கு நாம் உறுதியான வாக்கு இல்லை என்று ஒருமுறையாவது காட்டுங்கள்.