தேர்ச்சி பெற்றது குற்றமா?

வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் அண்மையில் பேச நேர்ந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தொழிலாளியின் மகள். பி.எஸ்சி. முடித்துவிட்டாள், ஒரு தாளில்கூடத் தவறவில்லை. ஆயினும் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மொத்தம் 59 விழுக்காடு. வேலைக்கு அழைக்கும் கம்பெனியோ 60 கேட்கிறது!

காரணம் என்ன? இரண்டாம் பருவத் தேர்வின்போது தகப்பனார் மருத்துவமனையில் கிடந்தார். இரவெல்லாம் அவர் அருகில் விழித்திருந்து, பகலில் தேர்வு எழுதினாள். ஒரு தாளில் 41. தேர்ச்சிக்கு 40 போதும். அதே தாளில் 35 வாங்கித் தவறிய தோழி, பிறகு அரியர் எழுதி 70 பெற்றாள். "நானும் மறுபடி எழுதுகிறேன்" என்று இவள் கேட்டபோது, "நீதான் பாஸாகிவிட்டாயே அம்மா, உனக்கெதற்கு?" என்று அனுப்பிவிட்டார்களாம்.

தவறியவருக்குத் திறக்கும் கதவு, தேறியவருக்கு அடைக்கப்படுகிறது! இது என்ன நீதி? தேர்ச்சி பெற்றதுதான் அவள் செய்த குற்றமா? இந்தச் சூட்சுமம் அறிந்த சிலர், குறைந்த மதிப்பெண்ணில் தேறிவிடக் கூடாதே என்று தேர்வுக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். விதியே மாணவனைத் தவறச் சொல்லிக் கொடுக்கிறது!

"மறுபடி எழுத விட்டால் பணம் படைத்தவன்தானே பயன் பெறுவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிளஸ் டூ தேறியவர்கள் மீண்டும் எழுதி, கூடிய மதிப்பெண்ணோடு மருத்துவ, பொறியியல் இடம் கேட்ட 'இம்ப்ரூவ்மெண்ட்' முறை இங்கே இருந்தது. அதனை ஒழிக்கத் தமிழக அரசு 2005-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஓராண்டு வீட்டில் இருந்து படிக்க ஏழையால் முடியுமா என்பதே அன்று எழுந்த கேள்வி. பின்னர் 'நீட்' வந்தது. போன வியாதி பெருத்துத் திரும்பியது. இங்கே மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில், மீண்டும் எழுதி இடம் பிடித்தவர்கள் 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை சொல்லும் கணக்கு இது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மருத்துவ இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. அங்கே ஒருவர் இரண்டாம் முறை எழுதி முன்னேறினால், முதன்முறை எழுதிய இன்னொருவர் பின்னே தள்ளப்படுகிறார். அதனால் அதை எதிர்க்கிறோம். படித்து முடித்த பாடத்தை ஒரு பெண் மறுபடி எழுதி 41-ஐ 70 ஆக்கினால், பல்கலைக்கழகத்தில் எவருடைய இடம் பறிபோகிறது? எவருடையதும் இல்லை. பாடம் இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும், அவ்வளவுதான்!

நடக்காததைக் கேட்கிறோமா? இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், முதல் வகுப்புக்கு 2 விழுக்காடு வரை குறைந்தவர்கள் மேம்பாட்டுத் தேர்வு எழுத விதி இருக்கிறது. அந்த விதி இந்தத் தொழிலாளி மகளின் கல்லூரியில் இருந்திருந்தால், இன்று அவள் கம்பெனி வாசலில் நின்றிருப்பாள்.

நம் கோரிக்கை எளியது. தேறிய தாளையும் ஒருமுறை மறுபடி எழுத எல்லாப் பல்கலைக்கழகங்களும் இடம் தரட்டும். ஓரிரு தாள் என்று எல்லை வைக்கட்டும். ரேங்குக்கும் பதக்கத்திற்கும் முதலில் பெற்ற மதிப்பெண்ணையே கொள்ளட்டும். கட்டணம் மட்டும் அரியர் கட்டணத்திற்கு மேல் ஒரு காசும் கூடக் கூடாது. ஏழைக்கு அதுவும் வேண்டாம்.

சாவடி என்றால் வழிப்போக்கர் களைப்பாறி எழுந்து நடக்கும் இடம். ஊர்ப் பெயரிலேயே அந்த இரக்கத்தை வைத்தவர்கள் நம் முன்னோர். பல்கலைக்கழக விதிப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இடம் இல்லையா?